பக்கங்களைக் கலைத்துப் போட ஒரு பொத்தான் வைத்தால் குடியா முழுகிவிடும்?

கேள்வி ஒரு பக்கம், விடை அடுத்த பக்கம் என்று இருக்கும் பிடிஎஃப் ஃபிளாஷ் கார்டுகளை வைத்துப் படிக்கும் அத்தனை பேருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். இரண்டு முறை புரட்டி முடித்ததும் மூன்றாம் முறை கேள்வியைப் படிக்கவே தேவையில்லை. மைட்டோகாண்டிரியா அட்டை போனால் அடுத்தது ரைபோசோம்தான் என்று விரல் நகரும் முன்பே வாய் சொல்லிவிடுகிறது. மனப்பாடமானது பாடமா? இல்லை, வரிசை. தேர்வுத்தாளில் அதே கேள்வி தனியாக வந்து நின்றால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே எழுதி வைத்துவிட்டார்.

காகித அட்டையென்றால் சீட்டுக் கட்டைப் போல ஒரு கலை கலைத்துவிட்டுப் படிக்கலாம். அந்த ஒரு வசதியை மட்டும் கணினியில் கொண்டுவர யாருக்கும் மனம் வரவில்லை. பிடிஎஃப் செயலியில் என்னதான் இல்லை? கையொப்பம் போடலாம், கடவுச்சொல் வைக்கலாம், கோப்போடு அரட்டை கூட அடிக்கலாம். பக்கங்களைக் கலைக்க மட்டும் வழியில்லை.

அது ஏதோ ராக்கெட் விடும் வேலையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிடிஎஃப் கோப்புக்குள் பக்க வரிசை என்பது எந்தப் பக்கத்துக்குப் பின் எது என்று சொல்லும் வெறும் பட்டியல். எழுத்தையும் படத்தையும் தொடவே வேண்டாம், பட்டியலை மாற்றினால் போதும். பாரபட்சமில்லாமல் கலைக்கும் முறையைப் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938லேயே கொடுத்துவிட்டார்கள். பிடிஎஃப் வெளிவந்த 1993இல் அந்த முறைக்கு 55 வயது!

சரி, கையாலேயே மாற்றலாம் என்று போனால் அது தனி நரகம். ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பக்கங்கள் தெரியும். 140ஆம் பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்தால் திரை ஒரே ஓட்டமாக ஓடி 12இல் போய் நிற்கும். கை கொஞ்சம் தளர்ந்தால் அது எங்கே விழுந்தது என்று தேட வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் எல்லா விடைகளையும் பார்த்தாகிவிடும், புதிய வரிசையும் மனப்பாடமாகிவிடும். பிறகு எதற்கு அந்தக் கலைப்பு? அச்சிடும் பெட்டியில் 17-18, 3-4 என்று எண்களை மாற்றிப் போட்டுப் புதிய கோப்பாகச் சேமித்தால், சில செயலிகள் மிகுந்த அக்கறையோடு அதை மறுபடி 3-4, 17-18 என்று அடுக்கித் தருகின்றன. யார் கேட்டார்கள் ஐயா உங்களை?

இணையத்தில் கலைத்துத் தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் இன்னொரு ரகம். விளம்பரங்களைத் தாண்டி, கோப்பை ஏற்றி, இறக்கித் திறந்தால் 'பிரெஞ்சுப் புரட்சி எந்த ஆண்டு தொடங்கியது?' என்ற கேள்விக்கு அடுத்த பக்கத்தில் 'கந்தக அமிலம்' என்று விடை. கேள்வியும் விடையும் ஜோடி, அவற்றைப் பிரிக்கக் கூடாது என்ற அடிப்படை அறிவு கூடவா இல்லை? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கலைத்தால் அப்படித்தான் வரும். ஒரே பக்கத்தில் எட்டு அட்டைகளை அடைத்துக் கோப்பு தயாரிக்கும் மகானுபாவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதைக் கத்தரிக்கோல்தான் கலைக்க முடியும்.

உடனே புத்திமதி சொல்ல வந்துவிடுவார்கள். 'அங்கி (Anki) என்ற ஃபிளாஷ் கார்டு மென்பொருளுக்கு மாறிவிடுங்கள், அது தானாகவே கலைத்துக் கேட்கும்.' கேட்கும்தான், அருமையான மென்பொருள்தான். ஆனால் கைக்கு வருவது பிடிஎஃப். நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து படமும் எழுத்துமாக வெட்டி ஒட்டி அங்கிக்குள் ஏற்றுவதற்குள் தேர்வே முடிந்துவிடும். இன்னொரு கூட்டம், 'பைத்தான் நிரல்மொழியில் நாலு வரிதானே' என்கிறது. அதைத்தான் நானும் கேட்கிறேன்! நாலு வரி என்றால் அந்த நாலு வரியைச் செயலிக்குள் எழுதி வைக்க என்ன கேடு? மருத்துவம் படிக்கிற பிள்ளை உடற்கூறியலை மூடிவைத்துவிட்டு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பொத்தான். அதை அழுத்தினால், ஒவ்வொரு பக்கமாகவா இரண்டிரண்டாகவா என்று ஒரு கேள்வி. மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும், கலைத்த வரிசை திரையில் தெரிந்தால் போதும்.

நான் பயன்படுத்தும் செயலிக்கு இந்த வாரம் புதிய பதிப்பு வந்திருக்கிறது. ஆவலோடு திறந்து பார்த்தேன். இருக்கிற பொத்தான்களின் மூலைகளை உருண்டையாக்கியிருக்கிறார்கள்.