கையில் கொடுத்தால் சுட்டுவிடுவீர்களா?

சனிக்கிழமை ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. டெக்சஸ் நண்பர் தலைமாட்டில் துப்பாக்கி வைத்துத் தூங்குகிறார் என்றதும், "இங்கே சிங்கப்பூரில் துப்பாக்கி இல்லாமல் நாம் கையாலாகாதவர்கள்" என்று ஆளுக்கு ஆள் எழுதினீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: கையில் கொடுத்தால் சுட்டுவிடுவீர்களா? அதற்கு எனக்குப் பயந்தாங்கொள்ளிப் பட்டம்.

கட்டாய தேசிய சேவையான என்எஸ்ஸில் முதல் தடவை நிஜக் குண்டு போட்டுச் சுட்ட நாள் நினைவிருக்கிறதா? காதில் அடைப்பான், பக்கத்திலேயே சார்ஜண்ட், எதிரே வெறும் அட்டை. அட்டை திருப்பிச் சுடாது. அப்படியும் என் கை நடுங்கியது.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினான். போன் என் கையில்தான் இருந்தது. 999, மூன்றே எண். விரல் நகரவில்லை. அம்மாதான் என்னிடமிருந்து போனை வாங்கி போலீசைக் கூப்பிட்டார். வந்தவர் குடித்துவிட்டு மாடி மாறி வந்த மேல்வீட்டுக்காரர். என்னிடம் துப்பாக்கி இருந்து, விரலும் நகர்ந்திருந்தால்? அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

இதைத்தான் மனத் தயார்நிலை என்கிறேன். வந்தவன் யார் என்று இருட்டில் தெரியவேண்டும். பிள்ளைகள் எந்த அறையில் என்று தெரியவேண்டும்; அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவரைக் குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும். சுட்ட பிறகு விசாரணை, வழக்கு, ஒரு சாவோடு மீதி ஆயுள். துப்பாக்கி வாங்கியதும் இதெல்லாம் கூடவே வந்துவிடுமா?

"சட்டம்தானே நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது" என்பீர்கள். ஆமாம், கட்டித்தான் போட்டிருக்கிறது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட முயன்றாலே மரண தண்டனை. நான் அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். தற்காப்பு உரிமை குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பெண்கள் பெப்பர் ஸ்ப்ரேகூட வைத்துக்கொள்ள முடியாதே என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மற்றவர்களைக் கேட்கிறேன். பயங்கரவாதத் தாக்குதலுக்கு மக்களைத் தயார்செய்யும் எஸ்ஜிசெக்யூர் இயக்கம் 2016இலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறதே: ஓடு, ஒளிந்துகொள், தகவல் சொல். உங்கள் புளோக்கில் எத்தனை படிக்கட்டு? இரத்தம் கொட்டினால் எங்கே அழுத்தவேண்டும்? இதையெல்லாம் கோழைத்தனம் என்று ஒதுக்குகிறவர்களுக்குத் துப்பாக்கி மட்டும் வேண்டுமாம்.

அந்த ராத்திரி நடந்ததை அம்மா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானேதான் நம்பிக் குழுவில் சொன்னேன். சிரிப்பு எமோஜி போட்ட ஏழு பேரில் மூன்று பேர் என்எஸ்ஸில் என் பிளட்டூன்காரர்கள்.