லைம் ரீஜிஸ் அம்மோனைட்டுகள் நத்தைகள் அல்ல
இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் (அழிந்துபோன கடல்விலங்குகளின் சுருண்ட ஓட்டுப் புதைபடிவங்கள்) ஜுராசிக் கால நத்தைகள் என்றும், செங்குத்துப் பாறையைச் சுத்தியலால் உடைத்தே அவற்றை எடுக்க வேண்டும் என்றும் சொல்லப்படுவது இரு வகையிலும் தவறு. சுருண்ட ஓடு நத்தையை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் நடுவே அறுத்துப் பார்த்தால் தடுப்புச் சுவர்களால் பிரிந்த அறைகள் வரிசையாகத் தெரியும், விலங்கின் உடல் இருந்ததோ வெளிப்புறக் கடைசி அறையில் மட்டுமே. அது கணவாயைப் போன்ற ஒரு தலைக்காலி. அங்குள்ள செங்குத்துப் பாறையின் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாகப் படிந்தவை, எந்நேரமும் சரியக்கூடியவை, ஆகவே பாறையை உடைப்பது ஆபத்து. குளிர்காலப் புயலில் சரிந்த மண்ணை அலைகள் கழுவிய பிறகு, சரளைக்கற்களிடையே தேடுவதே முறை. பக்கத்திலுள்ள சார்மவுத்தில், பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறிய சிறு அம்மோனைட்டுகள் பொன்போல் மின்னும். ஈரத்தில் வைத்தால் அவை காலப்போக்கில் பொடிந்துவிடும்.