எலும்புக்குப் பக்கத்தில் என்ன எழுதி வைக்கிறோம்?

அருங்காட்சியகத்தில் மனித எலும்பு இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் பிள்ளைகள் கேட்பது ரொம்ப நேரடியான கேள்விகள். இது ஆணா பெண்ணா? எப்படி இறந்தார்? ஏன் பானைக்குள் இருக்கிறார்? நம் ஊரில் பல இடங்களில் விளக்கப் பலகை ‘முதுமக்கள் தாழி, சுடுமண், இரும்புக் காலம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே இருந்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. கூட வந்த பெரியவர்களோ, ‘அந்தக் காலத்துல வயசானவங்கள உயிரோட தாழிக்குள்ள வச்சிடுவாங்க’ என்று தாங்கள் கேட்ட கதையைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள்.

தாழிகளில் குழந்தைகளின் எலும்பும் கிடைத்திருக்கிறது. பல தாழிகளில் இறந்த பிறகு சேகரித்து வைத்த எலும்புகள் மட்டுமே இருக்கின்றன. இந்த இரண்டு வரியைப் பலகையில் எழுதினால் அந்தக் கதை அங்கேயே நின்றுவிடும். ஆதிச்சநல்லூரில் தாழிகளைப் புதைத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுவது அருமையான காரியம். ஆனால் கண்ணாடி காட்டத்தான் செய்யும், விளக்காது.

என் கருத்து இதுதான்: எது தெரியும் என்பதோடு, அது எப்படித் தெரிந்தது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இடுப்பெலும்பின் அகலத்தையும் வளைவையும் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கிறார்கள். பல் தேய்மானம் வயதைச் சொல்கிறது. அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியானபோது எவ்வளவு சண்டை! நிறத்தையும் மூக்கையும் வைத்து ஆளாளுக்கு ஓர் இனம் கண்டுபிடித்தார்கள். முகத்தின் அடிப்படை அமைப்பு எலும்பிலிருந்து வந்தது. கீழ்த்தாடை இல்லாததால் அதை அளவுகளைக் கொண்டு கணித்தார்கள். தோல், முடியின் நிறம் இன்றைய தென்னிந்தியர்களைப் பார்த்துக் கொடுத்தது. இதைப் படத்தோடு சேர்த்தே பரப்பியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் உடல் கிடைத்த ஓட்சி என்ற பழங்கால மனிதருக்கு இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகம் நீண்ட முடியோடு ஓர் உருவம் செய்து வைத்தது. 2023-இல் வந்த மரபணு ஆய்வு, அவர் தோல் இன்னும் கருமை, தலையில் வழுக்கை விழுந்திருக்கலாம் என்றது. அவரது உடலை அங்கே ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். விரும்பாதவர்கள் பார்க்காமலே கடந்து போகலாம். அந்த ஏற்பாடும் எனக்குப் பிடிக்கும்.

ஆகவே நம் பலகைகளில் எலும்பு சொன்னது ஒரு நிறத்திலும் நாம் ஊகித்தது இன்னொரு நிறத்திலும் இருக்கட்டும். பலகையை எழுதிய வருடத்தையும் கீழே போடுங்கள். புதிய ஆய்வு வந்தால் பலகையை மாற்றுங்கள், பழையதில் என்ன தவறு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.