பொய்யைத் திருத்திவிட்டோம், பயத்தை என்ன செய்வது?

அம்மாவின் மாத்திரை அட்டையைத் தற்செயலாகத்தான் எடுத்துப் பார்த்தேன். பதினோரு நாளாக ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

அந்தப் பதினோரு நாளுக்குச் சற்று முன்புதான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பதறிய குரலில் ஒரு பெண் பேசுகிறார். பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவரே ரகசியமாகச் சொன்னாராம். உங்களுக்கு வேண்டியவர்களுக்கு உடனே அனுப்புங்கள் என்று முடிகிறது. டாக்டருக்குப் பெயர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பெயர் இல்லை, எந்த மாத்திரை என்பதும் இல்லை. "அது பொய்ம்மா, விட்டுடு" என்றேன். "சரிப்பா" என்றார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையைக் காட்டிக் கேட்டபோது அம்மா சொன்னது இதுதான்: "நீ பொய்ன்னு சொன்னே, நானும் நம்பினேன். ஆனா பெரியம்மா எத்தனை வருஷமா பிரஷர் மாத்திரை போட்டாங்க? அவங்களுக்கு ஏன் கிட்னி போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. பொய் என்று சொன்னேனே தவிர, அந்தப் பொய் அம்மாவின் மனதில் எந்தக் கேள்விக்கு விடையாகப் போய் உட்கார்ந்தது என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பதினோரு இரவும் அவர் சரியாகத் தூங்கவில்லை. மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும், போடாவிட்டால் பக்கவாதம் வந்துவிடும். இரண்டு பயத்துக்கும் நடுவில், யாரிடமும் சொல்லாமல், தனியாகப் படுத்திருந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1994-இல் ஜான்சன், சீஃபர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்ட் டப்பாக்களும் கேஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று முதலில் வரும். பிறகு, அது தவறான தகவல், அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்கள்கூட, ஏன் இவ்வளவு புகை என்று கேட்டபோது பெயின்டைத்தான் காரணம் காட்டினார்கள். யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறு காரணம் சொல்லப்பட்டவர்களிடம் இது வெகுவாகக் குறைந்தது. பொய்யை மட்டும் பிடுங்கினால் அந்த இடம் பள்ளமாக இருக்கிறது. பள்ளத்தை மனம் பொறுத்துக்கொள்ளாது, பழைய பொய்யையே திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும்.

அம்மாவின் டாக்டரிடம் போனோம். அவர் ஐந்தே நிமிடத்தில் அந்தப் பள்ளத்தை நிரப்பினார். கட்டுப்படாத ரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது, சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். அதனால் கிட்னி போனவர்கள் கையில் பெரும்பாலும் பிரஷர் மாத்திரை இருக்கும், பார்ப்பவர்கள் மாத்திரையைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். சொல்லப்போனால் சில வகைப் பிரஷர் மாத்திரைகளைச் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கிறார்கள். சில மாத்திரைகளுக்கு இடையிடையே ரத்தப் பரிசோதனை தேவைப்படும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் அம்மாவுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "அப்போ பெரியம்மா நடுவுல ரெண்டு வருஷம் மாத்திரையை நிறுத்தினாங்களே, அதுதானா?" இருக்கலாம்.

அதிலிருந்து ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பொய்ச் செய்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மூளையைப் பற்றியே பேசுகிறோம்: யார் ஏமாந்தார், யார் ஏமாறவில்லை. உடம்பையும் மனதையும் பற்றிப் பேசுவதில்லை. ஏமாந்தவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதைவிட, அவர் எத்தனை நாள் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரத்தில், அது பற்றிய செய்திகளையும் காட்சிகளையும் ஒரு நாளைக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்கள், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைத் தெரிவித்தார்கள் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. அது நிஜமாக நடந்த சம்பவம். நடந்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கே இந்த நிலைமை என்றால், நடக்காத ஒன்றுக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் நடுங்குவதை என்னவென்று சொல்வது? 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்று இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ நினைவிருக்கும். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். அதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களே கடைசியில் அதைத் திருப்பி இறக்கிவிடுவார்கள், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த வதந்தியால் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள்.

"எதையும் சரிபார்த்துவிட்டு நம்புங்கள்" என்ற அறிவுரையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு நாளில் கண்ணில் படுவதையெல்லாம் யாரால் சரிபார்க்க முடியும்? அதுவே ஒரு மனச்சுமை. பெரும்பாலானவற்றை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், அப்படியே கடந்து போகலாம். நாம் எதையாவது செய்ய வேண்டும் என்று தூண்டுகிற செய்தியை மட்டும் பிடித்து நிறுத்தினால் போதும். மாத்திரையை நிறுத்து, பணத்தை எடு, இவர்களை வெறு, உடனே அனுப்பு. இந்த மாதிரி.

அப்படி நிறுத்தியதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு, தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தகவல் சரிபார்ப்பாளர்களையும் ஒப்பிட்டார்கள். படித்த பேராசிரியர்களிலேயே பலர் இணையப் பக்கத்துக்குள் உட்கார்ந்து, அதன் தோற்றத்தையும் நடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தைவிட்டுச் சட்டென்று வெளியேறி, இதைச் சொல்பவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். அந்தக் குரல் பதிவை நான்கு முறை கேட்டால் பயம்தான் நான்கு மடங்காகும். வெளியே வந்து தேட வேண்டும்.

இன்னொன்று, திரும்பத் திரும்பக் கேட்டது உண்மைபோலத் தோன்றும் என்பதை 1977-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். "மூணு குரூப்ல வந்துச்சுப்பா" என்றார் அம்மா. மூன்றிலும் வந்தது அதே பதிவுதான். அவர் அதை மூன்று சாட்சிகள் என்று எண்ணியிருந்தார்.

இப்போது குழுவில் யாராவது பொய்யை அனுப்பினால் எல்லோர் முன்னாலும் திருத்துவதை நான் நிறுத்திவிட்டேன். வயதில் மூத்தவரை அப்படித் தலைகுனிய வைத்தால் அடுத்த முறை பயத்தை மறைத்துக்கொள்வார், அனுப்புவதை நிறுத்த மாட்டார். தனியாகக் கூப்பிட்டு, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று ஆரம்பிக்கிறேன். நேரம் பிடிக்கும். சில பேச்சு அரைமணி நேரம் போகும், பெரும்பாலும் செய்தியைவிட்டு விலகி, தூக்கமின்மையிலோ யாரோ ஒருவரின் சாவிலோ போய் நிற்கும்.

அம்மா மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் சில காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்குவதைப் பார்க்கிறேன். "பெரியம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்பேன். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து எனக்குச் சொல்வார், அப்புறம் தண்ணீரை எடுப்பார்.