மெக்டொவல் கவுண்டி ஏழையாகப் பிறக்கவில்லை

அமெரிக்க வறுமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மெக்டொவல் கவுண்டியின் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) படங்கள் தவறாமல் பகிரப்படுகின்றன. ஆளரவமற்ற கடைவீதியையும் செடிகொடி மூடிய வீடுகளையும் பார்த்தவர்கள், "இந்த மக்கள் ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1950 கணக்கெடுப்பில் 98,887 ஆக இருந்த மக்கள்தொகை, 2020இல் 19,111 ஆகச் சுருங்கியிருக்கிறது. போக முடிந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கேட்கவேண்டியது, அந்த மலைகளிலிருந்து வெட்டி எடுத்த செல்வம் எங்கே போனது, அந்த மலைகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதைத்தான்.

வர்ஜீனியாவின் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து 1858இல் பிரிக்கப்பட்ட இந்தப் பகுதி, உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது அதனுடன் சேர்ந்தது. 1880இல் இங்கே வாழ்ந்தவர்கள் 3,074 பேர் மட்டுமே. மலைச்சரிவில் சோளம் விதைத்தும், பன்றி வளர்த்தும், வேட்டையாடியும் பிழைத்தவர்கள். அவர்கள் காலடியில் கிடந்த போகஹாண்டஸ் நிலக்கரியோ புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் தரும் உயர்ந்த வகை. பின்னாளில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களே அதை விரும்பி வாங்கின. அதன் மதிப்பை முதலில் கணக்கிட்டவர்கள் பிலடெல்பியாவின் முதலீட்டாளர்கள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதை 1880களின் இறுதியில் மலையைக் குடைந்து உள்ளே வந்தபோது, நிலத்தின் பெரும்பகுதி நிலக்கரி நில நிறுவனங்களின் கைக்குப் போயிருந்தது. சுரங்கம் நடத்தியவர்களே பெரும்பாலும் குத்தகைதாரர்கள்தான். வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் உரிமைத்தொகை, ஊரையே பார்த்திராத நில உடைமையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இதன்பின் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சுரங்க ஊர்களில் வீடு, கடை, மருத்துவர், தேவாலயம் எல்லாமே நிறுவனத்தின் கையில் இருந்தன. நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் ஸ்கிரிப் என்னும் உலோக வில்லைகளைச் சம்பளத்துக்கு முன்பணமாக வாங்கியவர், சம்பள நாளில் கடன் போக மிச்சமிருந்ததைத்தான் கண்ணில் பார்ப்பார். கூலியோ டன் கணக்கில். பாறையை உடைக்கும் வெடிமருந்தைக்கூடத் தொழிலாளியே தன் காசில் வாங்கவேண்டும். தொழிற்சங்கம் என்ற பேச்சை எடுத்தால் வேலையோடு வீடும் போகும். சங்கத்தின் பக்கம் நின்ற மேட்வான் ஊரின் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸும், 1921 ஆகஸ்ட் 1 அன்று வழக்கு விசாரணைக்காக மெக்டொவலின் தலைநகரான வெல்ச்சுக்கு வந்தார்கள். ஆயுதமின்றி, மனைவியருடன் நீதிமன்றப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்களை, நிறுவனங்களுக்காக வேலைசெய்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மாத இறுதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்தி பிளேர் மலையை நோக்கி நடந்ததற்கு, இந்தக் கொலைகள் மூட்டிய கோபம் பெரும் காரணம்.

அப்பலாச்சிய மலைகள் என்றாலே வெள்ளையர் மட்டும் வாழும் பகுதி என்று நினைப்பவர்கள் இந்தக் கவுண்டியின் வரலாற்றைப் படிக்கவேண்டும். தெற்கின் பருத்தி வயல்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் ஒரு காலத்தில் இங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். இத்தாலியரும் ஹங்கேரியரும் போலந்துக்காரரும் அதே சுரங்கங்களில் இறங்கினார்கள். பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்தே இருந்தன. ஆனால் இங்கே கறுப்பினத்தவருக்குக் கிடைத்த, ஒரு டன்னுக்கு ஒரே கூலி, தடையற்ற வாக்குரிமை என்ற இரண்டும் அன்றைய தெற்கில் அரிதானவை. கீஸ்டோன் ஊரைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், மறைந்த கணவரின் இடத்துக்கு 1928இல் நியமிக்கப்பட்டு, அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக அதே ஆண்டு கிம்பால் ஊரில் எழுப்பிய நினைவுக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

வெல்ச் நகரில் கார்கள் பெருகி நெரிசல் தாங்காமல், 1941இல் நகராட்சியே அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டவேண்டியிருந்தது. அத்தனை செழிப்பையும் குலைத்தது நிலக்கரியின் தட்டுப்பாடு அல்ல, இயந்திரம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த வெட்டும் இயந்திரங்கள் பல பேரின் வேலையைச் சிலரைக்கொண்டு முடித்தன. சங்கமும் 1950 ஒப்பந்தத்தில் உயர்ந்த கூலிக்கும் மருத்துவ நிதிக்கும் ஈடாக அதை ஏற்றுக்கொண்டது. முதலில் வேலையிழந்தவர்களில் கறுப்பினத்தவரே அதிகம். பத்தே ஆண்டுகளில் நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், ஏழைகள் கடையில் உணவு வாங்க அரசு தரும் சீட்டுகளான உணவு முத்திரைகளின் திட்டத்தைக் கென்னடி அரசு சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த முதல் இடங்களில் ஒன்றாக மெக்டொவல் ஆகிவிட்டது. 1961 மே 29 அன்று, பதினைந்து பேர் கொண்ட குடும்பத்தின் தலைவரும் வேலையிழந்தவருமான ஆல்டர்சன் மன்சி, தன் மனைவியுடன் 95 டாலர் மதிப்புள்ள முத்திரைகளைப் பெற்று, வெல்ச்சின் ஹெண்டர்சன் சூப்பர்மார்க்கெட்டில் முதலில் வாங்கியது பன்றியிறைச்சி கலந்த பீன்ஸ் டப்பா ஒன்று. நாட்டின் எஃகு ஆலைகளுக்கு நிலக்கரி வெட்டித் தந்த கவுண்டியில் இது நடந்தது. அந்த நாளில் முத்திரைகள் இலவசமாகவும் கிடைக்கவில்லை. வருமானத்துக்கேற்ப ஒரு பங்கைப் பணமாகக் கட்டியே பெறவேண்டும். "அரசுச் சோறு தின்று பழகியவர்கள்" என்று இவர்களை இகழ்வோர் இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேரி ஊரில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1980களில் சுரங்கங்களை மூடியது. 2005இல் திறந்த வால்மார்ட், 2016 ஜனவரியில் கதவடைத்தது. 2001, 2002, 2025 ஆண்டுகளின் வெள்ளங்கள் டக் ஃபோர்க் ஆற்றோர ஊர்களைப் புரட்டிப்போட்டன. சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கீடுகளின்படி இங்குள்ள ஆண்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 64. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியிலோ அது ஏறக்குறைய 82. 2008இல் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை தந்த இதே மக்கள் 2016இல் டிரம்புக்கு வாக்களித்ததை விளக்க எத்தனையோ கட்டுரைகள் வந்தன. அவற்றில் நில உடைமையைத் தொட்டவை சிலவே.

இப்போது பேசப்படும் மாற்று வழிகளில் ஒன்று, கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓடும் ஏ.டி.வி. என்னும் திறந்த நான்கு சக்கர வண்டிகளை ஓட்ட வரும் சுற்றுலாப் பயணிகள். அதனால் விடுதிகளும் உணவகங்களும் சில முளைத்திருப்பது நல்லதே. ஆனால் அது பருவகால வருமானம். இன்னொன்று, 2010இல் திறந்த கூட்டாட்சிச் சிறை. கணக்கெடுப்பு விதிப்படி அங்குள்ள கைதிகளும் கவுண்டியின் மக்கள்தொகையில் சேர்வதால், 19,111 என்ற எண்ணே உண்மை நிலையைக் கூட்டித்தான் காட்டுகிறது.

நிலம் வெளியாட்களின் கையில் இருப்பதால் வரும் கேட்டை, 1981இல் வெளிவந்த அப்பலாச்சிய நில உடைமை ஆய்வே விரிவாக எடுத்துக்காட்டியது. பரந்த நிலத்தையும் நிலத்தடிக் கனிமத்தையும் வைத்திருந்தவர்கள் கட்டிய சொத்துவரி மிகச் சொற்பம். வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் உள்ளூர்க்காரருக்குச் சமதளமான நிலமே அரிது. நிறுவனங்கள் தங்கள் ஊர்களுக்காகப் போட்ட குடிநீர்க் குழாய்கள், அவை வெளியேறியபின் பராமரிப்பாரின்றித் துருப்பிடித்ததால், காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு இங்கே பல ஊர்களுக்குப் பழகிப்போன ஒன்று. புதிய குழாய் பதிக்க மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலை உள்ளூர்க் குடிநீர் அமைப்பின் தலையில் விழுந்திருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை நிலத்தையும் கனிமத்தையும் இன்றும் வைத்திருப்பவர்களிடமிருந்து வரியாக வாங்க மாநிலச் சட்டமன்றம் முன்வராதவரை, சுற்றுலாவையும் சிறையையும் காட்டி வளர்ச்சி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.