எண்ணெய் கசிந்த பிறகு கேட்டால் நேரம் இருக்காது

போன ஞாயிறு, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள மோரிப் கடற்கரையில் என் மகளின் பாதத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. தார் உருண்டை. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். குழாயடியில் கழுவினேன், மணலைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவியது. பக்கத்தில் வடைக் கடை போட்டிருந்த அக்கா, "தம்பி, தண்ணி ஊத்தாதீங்க" என்றார். பழந்துணியில் சமையல் எண்ணெயை நனைத்துக் கொடுத்தார். இரண்டே தேய்ப்பு, போய்விட்டது. "எண்ணெய எண்ணெயாலதான் எடுக்கணும். இங்க கடை போட்டதுலேருந்து எத்தன காலு பாத்திருப்பேன்" என்றார்.

எந்தக் கப்பலிலிருந்து வந்த தாரோ தெரியாது. எதிரே மலாக்கா நீரிணை. உலகத்தில் கப்பலில் போகும் கச்சா எண்ணெயில் கணிசமான பங்கு அந்த வழியாகத்தான் போகிறது. பந்திங்கில் பிறந்து வளர்ந்த எனக்குப் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டமும் தெரியும், அந்தக் கடலும் தெரியும். அங்கே ஒரு டாங்கர் உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு 2010லிருந்தே உண்டு.

அந்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலுக்கடியில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணறு, ஜூலை 15இல் மூடப்படும் வரை 87 நாள் கக்கிக்கொண்டே இருந்தது. அடைக்க வழி தெரியாமல் நிபுணர்கள் திணறிய நேரத்தில் பொதுமக்களிடமும் யோசனை கேட்டார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. உண்மையில் பயன்படுத்தியது அதில் மிகச் சிலவற்றைத்தான்.

இதை வைத்து, "பார்த்தீர்களா, ஜனங்களிடம் கேட்டால் குப்பைதான் வரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டையை அடைக்க கோல்ஃப் பந்தையும் ரப்பர் துண்டுகளையும் உள்ளே செலுத்திப் பார்த்தவர்கள் நிபுணர்களே. அந்த முயற்சி தோற்றது. ஆனாலும் அது குப்பை யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றும் ஓடாத நேரத்தில் மனிதன் எல்லாவற்றையும்தான் முயன்று பார்ப்பான்.

முடி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டீஸ் கப்பல் தரைதட்டியபோது, நீர்நாயின் ரோமத்தில் எண்ணெய் ஊறியிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தார் அலபாமாவைச் சேர்ந்த ஒரு முடிதிருத்துபவர். கடையில் வெட்டி விழுந்த முடியைக் காலுறையில் அடைத்துச் சோதித்தார், எண்ணெயை உறிஞ்சியது. 2010இல் சலூன் சலூனாக முடி சேர்த்து அனுப்பினார்கள். பத்துமலையில் தைப்பூசத்துக்கு இறக்கும் முடியையெல்லாம் அனுப்பினால் என்ன என்று எனக்கே தோன்றியது. ஆனால் அங்கே அமெரிக்க அதிகாரிகள் முடியே வேண்டாம் என்றார்கள். முடி எண்ணெயோடு தண்ணீரையும் குடித்து, கனத்துக் கடலில் மூழ்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அது முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால் அத்தனை பேர் உழைப்பு வீணாகியிருக்காது. மூழ்காத உறை ஒன்றை யாராவது யோசித்திருக்கவும் கூடும்.

அப்புறம் அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கக் கொடையாளர் வெண்டி ஷ்மிட் பெயரில், கசிந்த எண்ணெயை அள்ளுவதற்கு ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பரிசு 10 லட்சம் டாலர். இந்த முறை கேள்வி தெளிவாக இருந்தது: கடல்பரப்பிலிருந்து நிமிடத்துக்கு 2,500 கேலன் எண்ணெயை எடுக்க வேண்டும், எடுத்ததில் 70 சதவீதமாவது எண்ணெயாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க நியூ ஜெர்சியில் பெரிய தொட்டி. வென்ற குழு நிமிடத்துக்கு 4,670 கேலன் எடுத்துக் காட்டியது. இறுதிக்கு வந்த 10 குழுக்களில் ஒன்றை ஆரம்பித்தவர் லாஸ் வேகாஸில் பச்சை குத்தும் தொழில் செய்பவர்! கேள்வியைச் சரியாகக் கேட்டு, செய்துபார்க்க இடமும் கொடுத்தால் பச்சை குத்துகிறவரும் பொறியாளர்களோடு ஒரே வரிசையில் நிற்கலாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். அவர் செம்பனை ஆலையில் எண்ணெய் தெளிய வைக்கும் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரு மழை இரவில் கழிவுக் குழி நிரம்பி எண்ணெய் கால்வாயில் இறங்கிவிட்டது. ஆலையின் பெயர் வேண்டாம். கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்கு முன்னால் அப்பாவும் நான்கு பேரும் பலகைகளைக் குறுக்கே அடித்தார்கள். அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டு அடித்தார்கள். தண்ணீர் அடியில் ஓடியது, எண்ணெய் மேலேயே நின்றது. கோணிச் சாக்கில் செம்பனை நாரை அடைத்துப் பலகைக்கு முன்னால் மிதக்கவிட்டார்கள். விடியும்போது சாக்கு ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி மாதிரி கனத்தது. கசிந்த எண்ணெயை ஓடைகளில் தடுக்க உலகமெங்கும் இதே அடியோட்ட அணைதான் கட்டுகிறார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கச்சா எண்ணெய் வேறு என்பது எனக்குத் தெரியும். அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும், தீப்பற்றும். வெறுங்கையோடு இறங்கக்கூடாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் அள்ளிய படங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மக்களின் அறிவைக் கேட்காமல் கையை மட்டும் வாங்கிக்கொள்வது அது. நம் பக்கமும் 2010 மே 25இல் சிங்கப்பூர் நீரிணையில் புங்கா கெலானா 3 என்ற டாங்கர் மோதி, சுமார் 2,500 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. மெக்சிகோ வளைகுடா செய்தி ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்கள்.

நம் நாட்டில் எண்ணெய்க் கசிவுக்கென்று தேசியத் திட்டம் இருக்கிறது. நல்லது. நான் கேட்பது இதுதான். கசிவு நடக்காத இந்த நாட்களிலேயே, மோரிப், கெலானாங் பக்கத்துச் சேற்றுக்கரைக்கும் கண்டல் (அலையாத்தி) காட்டுக்கும் என்ன செய்யலாம் என்று இங்கேயே வந்து கேளுங்கள். கண்டலின் மூச்சுவேரில் எண்ணெய் படிந்தால் மரம் மூச்சுமுட்டிச் சாகும். சுத்தம் செய்கிறோம் என்று ஆட்களை இறக்கினால் மிதிபட்டே பாதி அழியும். அந்தச் சேற்றில் எங்கே கால் வைக்கலாம், நீர் ஏறும்போது குப்பை எந்த மூலையில் ஒதுங்கும் என்பதெல்லாம் மீனவர்களுக்கும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கும் தெரியும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் கேளுங்கள். சோதிக்க ஒரு தொட்டி கொடுங்கள். ஒரு யோசனை ஆகாது என்றால் ஏன் ஆகாது என்று எழுதிய ஆளுக்கு இரண்டு வரி பதில் போடுங்கள். அந்தப் பதில்தான் அடுத்த யோசனையைக் கொண்டுவரும்.

பந்திங், ஜுக்ரா, கேரித் தீவு பக்கம் ஆலையிலோ படகிலோ வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேட்டு எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே அனுப்புங்கள், மலாய்க்கு நான் மாற்றுகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்போகிறேன்.

நேற்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கெலானாங்ல நீர் எத்தன மணிக்கு ஏறுதுன்னு மொதல்ல பாத்துட்டு வா" என்றார்.