வாயைத் திறந்தால் விலை ஏறும்

(சென்னை புதுப்பேட்டை. ஒரு காயலான் கடை. காதர் பாய் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய நம்பர் பிளேட் சேர்க்கும் சுந்தரம், ஒரு கோணிப்பைக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்.)

பாய்: சார், உள்ள தேள் கீள் இருக்கப் போவுது. தரையில கொட்டிப் பாத்துடுங்க.

சுந்தரம்: கொட்டவே கூடாது பாய். ஒண்ணோட ஒண்ணு உரசினா பெயின்ட் உரிஞ்சிடும். ஒவ்வொண்ணாத்தான் எடுக்கணும்.

பாய்: பெயின்ட் போனா இன்னா? இரும்பு இரும்புதானே? கிலோ முப்பது ரூபா. மொத்தமா அள்ளிக்கிட்டுப் போங்க.

சுந்தரம்: மொத்தம் வேணாம். இதோ, இது ஒண்ணு போதும்.

பாய்: (தராசில் போட்டு) அரைக் கிலோ. பதினஞ்சு ரூபா.

சுந்தரம்: இந்தாங்க இருபது. சில்லறை வேணாம் பாய், வரேன்.

பாய்: நில்லுங்க சார். இந்தக் கடையில இதுவரைக்கும் ஒருத்தரும் சில்லறை வேணாம்னு சொன்னதில்ல. அதுல இன்னா இருக்கு?

சுந்தரம்: ஒண்ணுமில்ல பாய். சும்மா தகரம்.

பாய்: தகரத்தையா இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

சுந்தரம்: (அடக்கிப் பார்க்கிறார், முடியவில்லை) இதைப் போயி தகரம்னு சொல்ல எனக்கே மனசு வரல பாய்! பாருங்க, மூணு எழுத்து, நாலு நம்பர். 'டி.எம்.'னு ஆரம்பிக்குது. டி.என். 01, டி.என். 09னு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு எண் போடுறது எல்லாம், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்ததை ஒட்டி வந்த முறை. இது அதுக்கும் முந்தினது.

பாய்: அப்ப முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல பழசா? அம்பது ரூபா குடுங்க.

சுந்தரம்: பாய்! இப்பதானே பதினஞ்சுன்னீங்க?

பாய்: அப்ப அது தகரம் சார். இப்ப அது சரித்திரம்.

சுந்தரம்: சரி, அம்பது. இதுக்கு மேல நான் பேசல.

பாய்: பேச வேணாம். இந்த எழுத்தெல்லாம் மேடு மேடா இருக்கே, அது இன்னான்னு மட்டும் சொல்லுங்க.

சுந்தரம்: அதுதான் பாய் இதுல விசேஷமே! பெயின்டர் எழுதினதில்ல. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வார்த்த அலுமினியம். பின்னாடி சின்னதா ரெண்டு முளை இருக்கும். இரும்பு பிளேட்ல ஓட்டை போட்டு, முளையை விட்டு, பின்பக்கம் தட்டி ரிவிட் அடிச்சிருக்காங்க.

பாய்: அலுமினியமா? யா அல்லா, நான் இரும்பு ரேட்டுல போட்டுட்டேனே! அலுமினியம் கிலோ நூத்தி இருபது சார்.

சுந்தரம்: எழுத்து ஏழும் சேர்ந்து நூறு கிராம் வராது!

பாய்: ஆனா விசேஷம்னு சொன்னீங்களே. நூத்தம்பது.

சுந்தரம்: சரி பாய், அப்ப நானும் இதுல இருக்கிற குறையைச் சொல்றேன். எழுத்தோட ஓரத்துல வெள்ளையா பொடி தெரியுதா? இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ஊரு உப்புக் காத்துல ஈரம் உள்ள பூந்துச்சுன்னா அலுமினியம்தான் அரிச்சுப் போகும். இரும்பு தப்பிச்சுக்கும்.

பாய்: ரெண்டு சம்பந்தியை ஒரே ரூம்ல படுக்க வெச்ச மாதிரி.

சுந்தரம்: அதேதான். அப்புறம், மூலையில ஒரு ஓட்டை புதுசா போட்டிருக்காங்க. அதுக்கும் விலை குறையும். நூறு.

பாய்: பழைய ஓட்டையா, புது ஓட்டையா? எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

சுந்தரம்: சுலபம். பழைய ஓட்டையைச் சுத்தி வாஷர் உட்கார்ந்த வளையம் இருக்கும். வாஷருக்கு அடியில வெயில் படாது, அதனால அந்த இடத்துல மட்டும் பெயின்ட் நிறம் மங்காம பளிச்சுன்னு இருக்கும். வருஷக்கணக்கா வண்டியில ஓடினதுக்கு அதைவிடச் சாட்சி கிடையாது. இதோ, ரெண்டு ஓட்டையிலயும் அழகா இருக்கு பாருங்க!

பாய்: அப்ப ஒரிஜினல்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. முன்னூறு.

சுந்தரம்: (வாயைப் பொத்திக்கொள்கிறார்.)

பாய்: கோவிச்சுக்காதீங்க சார். டீ சொல்லட்டா? இந்தாங்க, இதையும் பாருங்க. இது 'எம்.எஸ்.'. தமிழ்நாடுன்னு பேரு மாறுறதுக்கு முன்னாடி மெட்ராஸ்தானே?

சுந்தரம்: 1969 ஜனவரி 14ல பேரு மாறுச்சு. எம். போட்டது மெட்ராஸ் காலத்து எழுத்துதான், ஆனா எம். பாத்த உடனே மெட்ராஸ்னு தாவக்கூடாது. எம்.ஒய்.னா மைசூரு. அதை விடுங்க, இது டூப்ளிகேட் பாய்.

பாய்: இன்னா சார், எவ்வளவு துரு பாருங்க!

சுந்தரம்: துரு எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கு, அதுதான் சந்தேகம். நிஜத் துரு தண்ணி தங்குற கீழ் ஓரத்துலயும், ஓட்டையிலயும், வளைஞ்ச இடத்துலயும்தான் மொதல்ல பிடிக்கும். அப்புறம் ஓட்டையைப் பாருங்க. விளிம்பு கூரா இருக்கு, வளையம் இல்ல. ஸ்க்ரூ தலையில நட்சத்திர வெட்டு. அந்தக் காலத்து ஸ்க்ரூவுல ஒத்தைக் கோடுதான் அதிகம் பாக்கலாம். திருப்புங்க. பின்பக்கம் ஒரு பொட்டு சேறு கூட இல்ல. பழைய பிளேட்டைப் பின்னாடி பாத்துத்தான் வாங்கணும்.

பாய்: கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் விடுற ஒருத்தர் போட்டுட்டுப் போனாரு. சரி, இதை வேற யாருக்காவது விக்கிறேன்.

சுந்தரம்: விக்கலாம், அலங்காரத்துக்குன்னு சொல்லி வில்லுங்க.

பாய்: இந்த மஞ்சள்? லாரியோடது.

சுந்தரம்: ஓரத்துல உரிஞ்ச இடத்துல உத்துப் பாருங்க. மஞ்சளுக்கு அடியில வெள்ளை. முன்னாடி வாடகை வண்டிக்கு வெள்ளையில கறுப்பு எழுத்து, சொந்த வண்டிக்குக் கறுப்புல வெள்ளை எழுத்து. அப்புறம் சொந்த வண்டி வெள்ளைக்கும், வாடகை வண்டி மஞ்சளுக்கும் மாறுச்சு. நிறைய பேர் பழைய பிளேட் மேலயே புதுப் பெயின்ட் அடிச்சுக்கிட்டாங்க. ஒரே தகரத்துல ரெண்டு சட்டம்.

பாய்: ரெண்டுக்கும் சேர்த்து…

சுந்தரம்: அது வேணாம் பாய்! நான் கேக்கவே இல்ல!

பாய்: இந்த நீட்டு வளைஞ்சது? ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கு.

சுந்தரம்: பழைய மோட்டார் சைக்கிள்ல முன் மட்கார்டு மேல கத்தி மாதிரி நிக்குமே, அது. தயவுசெஞ்சு அதைத் தட்டி நிமித்திடாதீங்க. அந்த வளைவுதான் அதோட அடையாளம்.

பாய்: நேத்து ரெண்டு நிமித்திட்டேனே. அடுக்குறதுக்கு வசதியா இருந்துச்சு.

சுந்தரம்: (நாற்காலி தேடுகிறார்.)

பாய்: உக்காருங்க சார். இதோ பளபளன்னு ஒண்ணு, மூலையில சக்கரம் மின்னுது.

சுந்தரம்: அதைத் தொடவே மாட்டேன். உயர் பாதுகாப்பு பிளேட். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, 20க்கு 20 மில்லிமீட்டர்ல அசோகச் சக்கர ஹாலோகிராம், கீழ லேசர்ல பத்து இலக்க எண். 2019 ஏப்ரல் 1க்கு அப்புறம் தயாரான வண்டி எல்லாத்துக்கும் கட்டாயம். அதோட பூட்டைக் கழட்டினா உடையும், திரும்பப் போட முடியாது. இப்படி ஒண்ணு தனியா கடைக்கு வந்தா எங்கிருந்து வந்ததுன்னு மொதல்ல கேளுங்க பாய். திருட்டு வண்டியில மாட்டுறதுக்குத்தான் அது உதவும்.

பாய்: அப்ப உங்க பிளேட்டுக்கு மட்டும் போலீஸ் வராதா?

சுந்தரம்: வேற வண்டியில மாட்டினா கண்டிப்பா வரும். அதனாலதான் எது வாங்கினாலும் யார்கிட்ட, எந்தத் தேதியில, எவ்வளவுக்குன்னு எழுதி வாங்கிக்குவேன். வண்டியை உடைச்சதும் சொந்தக்காரர் 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யை ரத்து பண்ணணும்னு சட்டத்துல 55ஆம் பிரிவு இருக்கு. பண்ணலேன்னா தகரம் என் சுவத்துல தொங்கும், வண்டி காகிதத்துல ஓடிக்கிட்டே இருக்கும்.

பாய்: இவ்வளவு பாடுபட்டு இந்த இரும்பு எதுக்கு சார்?

சுந்தரம்: இரும்பு கிடைச்சா பெரிய விஷயம் பாய்! ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல இல்லினாய் மாகாணத்துக்காரன் இரும்பை மிச்சம் பிடிக்க சோயா மொச்சையைக் கலந்து அட்டை மாதிரி பிளேட் போட்டான். அதை ஆடு மாடு தின்னுடுச்சாம்.

பாய்: அதுல இன்னா அதிசயம்? நம்ம தெருவுல சினிமா போஸ்டரே தப்ப மாட்டேங்குது. (உள்ளே திரும்பி) டேய் தம்பி, சாரோட பிளேட்டைக் கம்பி பிரஷ்ல நல்லாத் தேய்ச்சுக் குடு!

சுந்தரம்: ஐயோ! வேணாம்! தம்பி, பிரஷ்ஷைக் கீழ போடு!

பாய்: சுத்தமாத் தரலாம்னுதான்.

சுந்தரம்: கம்பி பிரஷ், உப்புத்தாள், புளி, ஆசிட், எதுவும் கூடாது. பெயின்ட் மொத்தமா வழிச்சுக்கிட்டு வரும். வாஷிங் சோடா பட்டா அலுமினியம் கறுத்துடும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு பக்கெட், அதுல பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு ஸ்பூன். மொதல்ல பஞ்சைத் தொட்டு ஒரு மூலையில துடைச்சுப் பாக்கணும். பஞ்சுல நிறம் ஒட்டினா அத்தோட நிறுத்திடணும். ஒட்டலேன்னா பழைய டூத் பிரஷ் வெச்சு மெதுவாத் தேய்க்கலாம். உடனே துணியால ஒத்தி எடுத்து நிழல்ல காய வைக்கணும். பின்பக்கத் துரு மேல மட்டும் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில தொட்டுத் தடவணும். முன்பக்கம் வார்னிஷ் அடிச்சா ரெண்டு மழைக்காலத்துல மஞ்சளாயிடும்.

பாய்: என் பேத்தியைக் கூட நாங்க இப்படிக் குளிப்பாட்டுனதில்ல. வீட்டுல எங்க வைப்பீங்க?

சுந்தரம்: நிக்க வெச்சு அடுக்குவேன், நடுவுல பருத்தித் துணி. பாலித்தீன்ல சுத்தினா சித்திரை வெயில்ல பெயின்ட்டோட ஒட்டிக்கும். செய்தித்தாள் சுத்தினா அன்னைய தலைப்புச் செய்தி பிளேட்ல பதிஞ்சிடும்.

பாய்: வீட்டுல அம்மா இன்னா சொல்றாங்க?

சுந்தரம்: எங்க வீட்டம்மாவா? பருத்தித் துணி எல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது பாய்.

பாய்: சரி சார், முடிச்சுக்கலாம். இவ்வளவு பதமாப் பாத்துக்குற பொருளை முன்னூறுக்குக் குடுத்தா அந்தப் பொருளுக்கே அவமானம். அறுநூறு.

சுந்தரம்: வெள்ளைப் பொடி! புது ஓட்டை!

பாய்: வாஷர் வளையம். மூணு எழுத்து. 1989 ஜூலை 1. வார்த்த அலுமினியம். பின்னாடி சேறு. எல்லாம் நீங்க சொன்னதுதான் சார்.

சுந்தரம்: (பர்ஸைத் திறக்கிறார்) அடுத்த தடவை வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் வருவேன். இந்தாங்க. யார்கிட்ட வாங்கினதுன்னு எழுதிக் குடுங்க.

பாய்: அதுக்கென்ன. (மார்க்கர் பேனாவால் பரபரவென்று எழுதி நீட்டுகிறார்.) காதர் பாய் கடை, புதுப்பேட்டை, இன்னைய தேதி, ரூபா அறுநூறு, கீழ கையெழுத்து. போதுமா?

சுந்தரம்: பாய்… பிளேட் மேலயா எழுதினீங்க?

பாய்: காகிதம் தொலைஞ்சிடும்ல? கவலைப்படாதீங்க, தின்னர் போட்டா போயிடும். டேய் தம்பி, அந்தத் தின்னர் பாட்டில்!

சுந்தரம்: தின்னரா! எழுத்தோட சேர்ந்து கறுப்புப் பெயின்ட்டும் போயிடும் பாய்! தொடாதீங்க, அப்படியே குடுங்க!

பாய்: அப்படியே இருக்கட்டும்ங்கறீங்களா? (யோசித்து) அப்ப ஒண்ணு சார். கடைக்காரரே கையெழுத்துப் போட்ட பிளேட்டுக்கு, ஒரு நூறு கூட வராதா?